பரம்பரையலகும் மனிதப் பொறுப்பும்

மனிதனின் அறிவும் நடத்தையும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகின்றனவா என்ற வினா மிகப் பழையது. எம் முன்னோர் அதனை ஊழ் என்ற சொல்லால் ஆராய்ந்தனர். இன்று அதே வினா பரம்பரையலகு என்ற சொல்லைத் தாங்கி எம்முன் நிற்கின்றது. சிறாரின் விருத்திக் குறைபாடுகள் பலவற்றுக்குப் பரம்பரையலகுகள் காரணமாதல் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே, காரணம் பிறப்பில் இருப்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற முடிவுக்குப் பலர் எளிதில் வந்துவிடுகின்றனர். இம்முடிவு பொருந்துமா என்பதை ஒரு நோயின் வரலாறு கொண்டு நோக்குவோம்.

1934 இல் நோர்வே நாட்டுத் தாயொருத்தி, அறிவு வளர்ச்சி குன்றிய தன் பிள்ளைகள் இருவரையும் பற்றி அறிய அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரை நாடினாள். பிள்ளைகளிடம் ஒருவகை நெடி வீசுவதை அவள் கவனித்திருந்தாள். ஃபோலிங் அவர்களின் சிறுநீரில் பெரிக்குக் குளோரைட்டைச் சேர்த்தபோது அது பச்சை நிறமாயிற்று. பீனைல்கீற்றோனூரியா எனப் பின்னர் பெயர்பெற்ற நோய் இவ்வாறே அறியப்பட்டது.

உணவுப் புரதத்திலுள்ள பீனைலலனீன் என்னும் அமினோ அமிலத்தை ஈரலிலுள்ள நொதியமொன்று தைரோசீனாக மாற்றுகின்றது. அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு 12 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதன் பழுதுற்ற வடிவத்தைப் பெற்ற குழந்தையின் குருதியில் பீனைலலனீன் மிகுந்து, வளரும் மூளையைத் தாக்குகின்றது. ஆகவே பரம்பரையலகு அறிவை நேரே ஆள்வதில்லை. அதற்கும் நடத்தைக்கும் இடையே ஈரல், குருதி, உணவு, மூளை என நீண்டதொரு வழி கிடக்கின்றது.

அவ்வழியில் மனிதன் குறுக்கிட முடியும். பேர்மிங்ஹாமில் ஹோர்ஸ்ற் பிக்கெல் குழுவினர் பீனைலலனீன் குறைந்த உணவை ஒரு சிறுமிக்கு அளித்துப் பெற்ற பயனை 1953 இல் வெளியிட்டனர். இடையறாது அழுத அக்குழந்தை அழுகை தணிந்து, தவழவும் நிற்கவும் கற்றது. அவ்வமிலத்தை உணவில் மீண்டும் சேர்த்தபோது பழைய நிலை திரும்பியது. 1960களில் றொபேட் கத்ரி, பச்சிளங்குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளிக் குருதியால் நோயை அறியும் முறையைப் பரப்பினார். பிறந்த சில வாரங்களுக்குள் உணவுமுறையைத் தொடங்கினால் பெருங்கேடு தவிர்க்கப்படுகின்றது. பரம்பரையலகு மாறவில்லை, வாழ்வு மாறியது. மறுதலையாக, இந்நோயுள்ள தாய் கருவுற்ற காலத்தில் உணவைக் கட்டுப்படுத்தாவிடின், நோயைப் பெறாத குழந்தையின் மூளையும் பழுதுறலாம். பிறப்புரிமையாக வராத கேடும் இவ்வாறு பிறப்போடு வருகின்றது.

எனினும் இவ்வாதத்தில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாக் குறைபாட்டுக்கும் இத்தகைய உணவு இல்லை. 21 ஆம் நிறமூர்த்தம் மூன்றாக அமைவதால் தோன்றும் டவுண் நிலையை 1959 இல் விளக்கிய ஆய்வு, அதனை நீக்கும் வழியைத் தரவில்லை. ஓட்டிசம் போன்றவற்றிலோ பல பரம்பரையலகுகள் பங்குகொள்கின்றன. மாற்றத்தக்கவரே எம் கவனத்துக்குரியர் எனக் கொண்டால், ஏனையோரை நாமே கைவிட்டவராவோம். அறிவுக் குறைவு பரம்பரையானது எனக் கொண்டு கட்டாயக் கருத்தடையை அனுமதித்த வேர்ஜீனியாச் சட்டத்தை 1927 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1933 இல் ஜேர்மனியும் அத்தகைய சட்டத்தை இயற்றியது. அங்கே பிழைத்தது அறிவியல் மட்டுமன்று. ஒருவரின் அறிவாற்றலே அவரது மதிப்பின் அளவை என்ற எண்ணமும் பிழையே.

காரணத்தை அறிவது ஒன்று. மதிப்பை அளவிடுவது வேறொன்று. முன்னையதை ஆய்வுகூடம் கூறும். பின்னையதை எந்தப் பரம்பரையலகும் கூறாது. திருத்தக்கூடியதைக் காலத்தே திருத்துவதும், திருத்த இயலாதவிடத்தும் அம்மனிதரோடு கூடி வாழக் கற்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாம். அந்த நோர்வேத் தாய் தன் பிள்ளைகள் பயனுடையவர்களா என்று வினவவில்லை. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றே வினவினாள். நாமும் அவ்வினாவிலிருந்தே தொடங்குதல் தகும்.