‘வந்துடும்’ என்கிற சொல்

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற வழியில், போன பங்குனியில் மச்சானுக்காக ஒரு மனை பார்க்கப் போயிருந்தேன். கரும்பு வெட்டிய கொல்லையை டோசர் விட்டு நிரவி, முழ உயரத்துக்கு மஞ்சள் பூசிய கல் நட்டிருந்தார்கள். கல்லுக்குக் கல் எண். பின்னால் கல்வராயன் மலை. “பட்டா இருக்கு, வில்லங்கம் பாத்தாச்சு, அப்புறம் என்ன?” என்றான் மச்சான். “அப்ரூவல்?” என்றேன். தரகர் முந்திக்கொண்டார்: “அது வந்துடும்ண்ணே.”

எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும். அங்கே வீடு கட்டலாமா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. கொல்லையில் கரும்பு போட யாரிடமும் கேட்க வேண்டாம். அதையே நாற்பது மனையாகப் பிரித்து விற்பதென்றால் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும். பிரிப்பதற்கு ஓர் ஒப்புதல், பிறகு வீடு எழுப்ப இன்னோர் அனுமதி. வெகுகாலம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் ஊர் விழித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த அடுத்த ஆண்டு விதி வந்தது. அதற்குப் பின் போட்டவற்றுக்கு அந்த வாசல் கிடையாது.

காட்டோரம் என்றால் அதே விண்ணப்பம் இன்னும் சில மேசைகளுக்குப் போகும். மலைக் கிராமங்களுக்கென்று 1990இல் அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள கிராமமானால் குழுமத்தின் இசைவும் வேண்டும். ஆக, முதலில் பார்க்க வேண்டியது கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும். மலை எவ்வளவு பக்கத்தில் தெரிகிறது என்பதையல்ல.

“காட்டுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் கட்டணுமாமே” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்று 2022 ஜூன் 3 அன்று அது சொன்னது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு ஒத்துவராது என்று 2023 ஏப்ரலில் அதுவே தளர்த்தியது. கல்வராயனில் இருப்பது காப்புக்காடு. சரணாலயத்துக்குச் சொன்ன அளவை இங்கே அப்படியே வைத்து அளக்க முடியாது. நீர்நிலைக்கு வேறு கணக்கு: 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளின்படி, அந்த விதிகளுக்குள் வரும் ஈரநிலத்தில் வெள்ளம் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் ஆகாது.

சொந்த நிலத்தில் கட்டுவதை ஏன் மறுக்க வேண்டும்? மச்சானின் கேள்வி நியாயமானதுதான். நான் அவனை மனைப்பிரிவின் மேற்கு ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று அங்கே வந்து, நிரவிய மண்ணில் காணாமல் போயிருந்தது. நான்கு மனை தள்ளி, கீழ்க்கொல்லையில் மறுபடி தலைகாட்டியது. பங்குனியில் அது வெறும் மணல். ஐப்பசியில் மலைமேல் மழை பிடித்தால் 46 அடிக் கோமுகி அணைக்குத் தண்ணீர் கொண்டுசேர்ப்பவை இப்படிப்பட்ட ஓடைகள்தான். ஒரு வீடு வந்தால் ஓடை சுற்றிக்கொண்டு போய்விடும். நாற்பது வீடும் சிமெண்டு ரோடும் வந்தால் தண்ணீர் எங்கே போகும்? அனுமதி மறுக்கும்போது ஒரு மனையின் குற்றம் குறைகளை மட்டும் பார்ப்பதில்லை. அதைப் பார்த்து அடுத்தடுத்து வரப்போகும் மனைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

எதுவரை கட்டலாம் என்ற எல்லைக் கோட்டை யாரும் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைப் பள்ளிக்கரணையைப் பார்க்கலாம். அங்குள்ள சதுப்புநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஒரு தலமானது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். தலம் அறிவித்தார்களே தவிர, அதைச் சுற்றி எதுவரை அதன் தாக்கப் பகுதி என்று வரையறுக்கவில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த வரையறை முடியும்வரை தலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமானத்துக்கு அனுமதி தராதீர்கள் என்றது. அடுத்த மாதமே, பெரும்பாக்கத்தில் சுமார் 1,250 வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதி வழக்கானது. அக்டோபர் 31 அன்று உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. இடையில் அகப்பட்டவர்கள் யார்? வங்கிக் கடன் போட்டுப் பாதிச் சுவர் எழுப்பியவர்களும், ஒரே ஒரு சிறு வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களும்தான். சதுப்புநிலம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோடு போட மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டு, ஒரே நாளில் எல்லாரையும் நிறுத்துவது நிர்வாகம் ஆகாது.

இதையெல்லாம் சொல்லும்போது மலைமேல் இருப்பவர்களையும் மனைவாங்கிகளோடு சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. கல்வராயன் மலைக்கிராமங்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தவை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது: 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே தங்கள் கையில் வைத்து உழுதுவரும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். அவர்கள் கேட்பது இருக்கிற இடத்துக்கு அங்கீகாரம். நாங்கள் பார்க்கப் போனதோ வார இறுதியில் வந்து காற்று வாங்க ஒரு மனை.

திரும்பும்போது மச்சான் தரகரிடம், “அண்ணே, அப்ரூவல் வரலேன்னா அட்வான்ஸ் திருப்பித் தருவோம்னு அக்ரிமெண்ட்ல எழுதிக் குடுத்துடுங்க” என்றான். அவருக்கு அப்போதுதான் போன் வந்தது. பேசிக்கொண்டே மஞ்சள் கற்களைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்தார்.