மேசைக்கு வந்த அரண்மனைத் தோட்டம்

அரசனின் கண்களுக்கென்று தீட்டப்பட்ட ஓவியம் கணக்கெழுதும் மேசையில் பேனா ஸ்டாண்டின்மேல் வந்து அமர்வது அதற்கு இழிவாகுமா? உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் தம்மிடமுள்ள பழைய ஓவியங்களை நாட்குறிப்பு, பேப்பர் வெயிட்டு, மவுஸ் பேடு போன்றவற்றில் அச்சிட்டு விற்கும் காலம் இது. கலையைச் சந்தைப் பொருளாக்கிவிட்டார்கள் என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் எவ்வளவு தூரம் நியாயமானது என்று சற்றுச் சிந்திப்போம்.

தஞ்சைத் தரணியில் வாழும் நமக்கு இது அயலாரின் கேள்வி அன்று. 1798 முதல் 1832 வரை மன்னராயிருந்த இரண்டாம் சரபோஜி, தாவரங்களையும் பறவைகளையும் விலங்குகளையும் ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். அவற்றில் ஒரு தொகுதி ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அளிக்கப்பட்டு, இன்று லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. பூதலூர் வயல்களில் நாற்று நடுகிற ஒரு தாயின் மகள் அங்கே சென்று அவற்றைக் காண்பது எளிதா? அச்சுப்படி ஒன்றே அவளுக்குத் திறக்கும் கதவு. தஞ்சைச் சிவகங்கைத் தோட்டமும் ஒரு காலத்தில் அரண்மனைக்கு உரியதாயிருந்து, 1871-72இல் நகராட்சியின் பொதுப்பூங்காவாயிற்று. அதனால் தோட்டம் தரம் தாழ்ந்ததென்று எவரும் சொல்வதில்லை. ஒருவர் துய்த்ததை ஊரே துய்ப்பது நீதியே. ஓவியத்துக்கும் இது பொருந்தும்.

ஆயினும் அச்சுப்படிக்கென்று ஓர் ஆபத்து உண்டு. 1590ஆம் ஆண்டளவில் அக்பருக்காகத் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாபர் தமது தோட்டத்தை அமைக்கும் காட்சி அது. மன்னர் நின்று பணிக்கிறார். நூல்பிடித்து அளப்பவர்களும் மண் வெட்டுபவர்களும் அவர் முன்னே வேலை செய்கிறார்கள். வரைந்தவர் பிஷன்தாஸ், முகங்களைத் தீட்டியவர் நன்ஹா. இவ்வளவும் ஒரு சாணளவுப் பொருளில் அடங்க வேண்டுமாயின் எதையேனும் வெட்டத்தான் வேண்டும். பூவும் மரமும் மன்னரும் இருந்தால் விற்பனைக்குப் போதும். மண்வெட்டி பிடித்த மனிதனும் தூரிகை பிடித்தவனின் பெயருமே எளிதில் விடுபடக் கூடியவை. சோற்றைப் புகழ்ந்து உழவனை மறக்கும் குற்றம் எத்தகையதென்று நெல்விளையும் நாட்டினருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

படத்துக்குக் காட்டும் வணக்கம் படத்தில் உள்ளவரையே சென்றடைகிறது என்று 787இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் உரைத்தது. புனிதர்களின் உருவங்களைக் குறித்துச் சொல்லப்பட்டதாயினும், படம் என்பது எது என்பதையும் அது நமக்கு உணர்த்துகிறது. படம் ஒரு வழி. வழியிலேயே நின்றுவிடுபவன் ஊர் சேர்வதில்லை. பூதலூர் நிலையத்தில் இறங்கிப் பூண்டிக்குச் செல்வோர் திரும்பும்போது மாதாவின் படமுள்ள சாவிக்கொத்து ஒன்றை வாங்கி வருவதுண்டு. அற்ப விலைதான். ஆனால் அதைத் தொடும்போதெல்லாம் தாயை நினைப்பவனுக்கு அது அற்பமானதன்று. நினையாதவனுக்குப் பொன்னால் செய்து கொடுத்தாலும் அது வெறும் சாவிக்கொத்தே.

ஆகவே இழிவு பேனா ஸ்டாண்டில் இல்லை, மறதியில் இருக்கிறது. அச்சிடுவோர் ஓவியரின் பெயரையும் ஓவியம் இருக்கும் இடத்தையும் அடியில் ஒரு வரியாகப் பொறிக்கலாம். அதனால் விலை உயர்ந்துவிடாது. வாங்குவோர் அவ்வரியைத் தேடலாம். இல்லையெனில் கடைக்காரரைக் கேட்கலாம். பள்ளி ஆசிரியர் ஒருவரின் மேசைமேல் அத்தகைய தோட்டப் படம் இருக்குமாயின், அதில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.