ஒப்பு போட்டதும் ஓடாதே, மக்கா!

அந்த நோட்டை உனக்கு நன்றாகத் தெரியும். அங்கன்வாடி வாசலில் ஒரு மேசை, மேலே நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. பெயர், வீட்டு எண், ஒப்பு. தலையை நீட்டி உள்ளே பார்க்கிறாய். பிளாஸ்டிக் நாற்காலிகள் முழுக்கக் குடும்பஸ்ரீ சுயஉதவிக்குழுப் பெண்கள்; சுவரோரம் நாலு ஆண்கள். ‘நமக்கு இதுல என்ன இருக்கு?’ என்று முனகியபடி கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு ரோட்டுக்கு வந்துவிடுகிறாய். உன் ஒப்பு உள்ளே, நீ வெளியே. கிராமசபை நடந்ததாகக் கணக்கு எழுதியாயிற்று. அந்தக் கணக்கில் நீயும் ஒரு தலை. வாய் இல்லாத தலை!

மக்கா, அந்த ஒப்பின் விலை தெரியுமா உனக்கு?

கேரளத்து எல்லையோர அம்பூரியோ வெள்ளறடையோ பாறசாலையோ, எங்கும் ஒரே சட்டம். 1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி, உன் வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராமசபை உறுப்பினர்கள். யாரும் தாம்பூலம் வைத்து உன்னை அழைக்க வேண்டியதில்லை. அது உன் வீட்டுத் திண்ணை மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டியது வார்டு மெம்பரின் பொறுப்பு. அடுத்தடுத்து இரண்டு தடவை கூட்டாமல் விட்டால் அவருடைய மெம்பர் ஸ்தானமே போகும். வாக்காளரில் பத்து சதவீதம் பேர் வராவிட்டால் கோரம் இல்லை. 1,200 ஓட்டு உள்ள வார்டு என்றால் 120 பேர் வேண்டும். வாசலில் உன் ஒப்புக்கு ஏன் அத்தனை உபசாரம் என்று இப்போது புரிகிறதா? கேட்டு வாங்கப்படுகிற ஆள் நீ. நீயா கூனிக் குறுகி நிற்பது?

இன்னொன்றும் கேள். ஆட்டுக்குட்டி யாருக்கு, வீட்டு மராமத்துப் பணம் முதலில் யாருக்கு என்று கிராமசபை வரிசை போட்டுவிட்டால், அந்த வரிசையைப் பஞ்சாயத்துக் கமிட்டிகூட மாற்றக் கூடாது. சட்டம் அப்படிச் சொல்கிறது. நீயோ வெள்ளை முண்டுக்காரர் ஒருவர் பின்னால் ஆறு மாதமாக அலைகிறாய். வரிசை போடும் நாற்காலியை நீ காலியாக விட்டாய். வேறு யாரோ உட்கார்ந்து வரிசை போட்டுவிட்டுப் போனார்.

‘எனக்கு மலையாளம் சரியா வராது, சிரிப்பாங்க’ என்கிறாய். சிரிக்கட்டுமே! 1956 நவம்பர் 1 அன்று தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழ் ராஜ்யத்தோடு போயின, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. கோடு மண்ணில்தான் விழுந்தது. உன் நாக்கில் யார் கோடு போட்டார்கள்? 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், கேரளத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. செயலகத்துக்கே தமிழில் எழுத உரிமை உள்ளவன் அங்கன்வாடித் திண்ணையில் வாய் திறக்கப் பயப்படுகிறாய். ரேஷன் கடையில் அரிசி குறைந்தால் நீ போடும் சத்தம் அடுத்த வளைவு வரைக்கும் கேட்கிறது. மரச்சீனி விலை பேசும்போது யாருக்காவது உன் பேச்சு புரியாமல் போனதுண்டா? அதே பேச்சைச் சபையில் பேசு. பாதி மலையாளம், பாதி தமிழ், எல்லாம் செல்லும்.

நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னால் மார்பு விரியும். 919, 921 என்று ஆண்டுகூடச் சொல்வார்கள். ஆனால் அந்தக் குடவோலையில் பெயர் எழுத ஒருவனுக்குக் கால்வேலி நிலம் வேண்டும், வேதம் தெரிய வேண்டும். ரப்பர் வெட்டுகிற உனக்கும் கூலிக்குப் போகிற உன் பெண்சாதிக்கும் அன்று அங்கே இடம் கிடையாது. இடம் கிடைத்தது இப்போதுதான். கிடைத்த இடத்தை விட்டுவிட்டுக் கல்வெட்டைத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

தைரியம் உனக்கு இல்லை என்று மட்டும் சொல்லாதே. 2001 நவம்பர் 9, அம்பூரி. மழையில் மலை உடைந்து இறங்கி முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை விழுங்கிய நாள். அன்று சேற்றில் முதலில் கை வைத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். மம்மட்டியோடு போனவன் மேலே இன்னும் மண் சரியுமா என்று பார்க்கவில்லை. அந்த ஊரின் ரத்தம் ஓடுகிற உனக்கு ஒரு மைக்கைக் கண்டால் நடுக்கமா? 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்துப் பஞ்சாயத்துகள் தங்களுக்கென்று பேரிடர்த் திட்டம் எழுதின. ‘நம்மள் நமுக்காயி’ என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். எந்த ஓடையை யார் மண் போட்டு அடைத்தார்கள், எந்தச் சரிவில் மழைக்கு முன் விரிசல் கண்டது என்பதெல்லாம் ஏசி அறையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தினம் விடியலில் தலைவிளக்கோடு அந்தச் சரிவில் நடக்கிற உனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டால் அந்தத் திட்டம் வெறும் காகிதம்.

நெய்யாறு அணையின் நீர்ப்பரப்புக்கு அப்பால் காணிக்காரப் பழங்குடியினரின் குடிகள் இருக்கின்றன. கும்பிச்சல் கடவில் கடத்து வள்ளம் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் வர வேண்டும் என்று காலம் காலமாக இருந்தார்கள். பாலம் வேண்டும் என்று கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கிஃப்பி என்ற மாநில உள்கட்டமைப்பு நிதியத்தின் பணத்தில் வேலை தொடங்கியது. காட்டுக்குள் இருக்கிற அவர்கள் ஊருகூட்டம் என்ற தங்கள் சபையில் கூடிப் பேசுகிறார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் வீடு இருக்கிற நீ, ‘சொல்லி என்ன ஆகப்போகுது’ என்கிறாய்.

ஆகும். 1996-இல், ஊர் ஊராக மக்களே திட்டம் போடும் ‘மக்கள் திட்டம்’ கேரளத்தில் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இலேயே வரவு செலவை ஜனங்கள் கையில் கொடுத்துப் பார்த்ததை உலகமே மெச்சியது. கேரளத்தில் அதை ஓலைக்கூரைக் கிராமம் வரை கொண்டுவந்தார்கள். கிராமசபையில் சொன்னது ஒர்க்கிங் குரூப்புக்குப் போகும், வளர்ச்சிக் கருத்தரங்குக்குப் போகும், மாவட்டத் திட்டக்குழு வரை போகும். சொல்லாதது எங்கேயும் போகாது.

எப்படிச் சொல்வது? ‘ரோடு மோசம்’ என்று சொல்லாதே, அது புலம்பல். ‘மூணாவது போஸ்ட்டுல இருந்து ஏழாவது போஸ்ட்டு வரை விளக்கு எரியல, நடுவுல ஓடை, கலுங்கு இடிஞ்சு நாப்பது அடி நீளத்துக்குத் தண்ணி ரோட்டுல ஏறுது’ என்று சொல். மெம்பர் பேனாவை எடுக்காமல் இருக்க முடியாது. நான் முதல்முறை எழுந்தபோது தொண்டை அடைத்து, ‘குழாய்’ என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. பேசி முடித்ததும் இன்னொன்று செய். ‘மெம்பரே, நான் சொன்னதை மினிட்ஸ்ல எழுதியாச்சா? ஒருக்கா வாசியுங்க’ என்று கேள். மரியாதையாகக் கேள், ஆனால் வாசிக்கிறவரை உட்காராதே.

அக்காமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்காலிகளை நிரப்புகிறவர்கள் நீங்கள். பாதி மெம்பர் இடங்களும் உங்களுக்கே ஒதுக்கீடு. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் வாரக் கணக்கை ரூபாய் பைசா பிசகாமல் சொல்கிற குரல் கிராமசபையில் எங்கே போகிறது? மாதம் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஹரித கர்ம சேனைப் பெண்கள் வாசலில் பிளாஸ்டிக் எடுக்கிறார்கள். அந்தச் சாக்கு மழையில் நனைந்து எங்கே கிடக்கிறது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்த நோட்டீஸ் வரும். மத்தியானம் இரண்டரை மணி என்று போட்டிருக்கும். காலையில் பால் வெட்டி, ஷீட் அடித்து, குளித்துவிட்டு வா. கலுங்கின் அளவு எழுதிய தாள் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒப்பு போடு. சாயா அப்புறம். உள்ளே போய், முன்வரிசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்.