பிரித்து அனுப்பப்பட்ட தேர்

ஒரு முழுப்பொருள் தன் பாகங்களுக்குள் முன்பே இருக்கிறதா, பாகங்கள் கூடும்போது புதிதாகப் பிறக்கிறதா, அல்லது முழுப்பொருள் என்பதே வெறும் பெயர்தானா என்று இந்தியத் தத்துவ மரபுகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் வாதிட்டிருக்கின்றன. அவ்வாதங்களில் திரும்பத் திரும்ப வரும் எடுத்துக்காட்டுகள் குடமும் துணியும் தேரும். குடத்துக்குப் பின்னால் குயவரும் துணிக்குப் பின்னால் நெசவாளரும் தென்படுகிறார்கள்; தேரோ பெரும்பாலும் செய்து முடிக்கப்பட்டு ஓடும் நிலையிலேயே வாதத்துக்குள் நுழைகிறது. பாதி பொருத்திய தேரின் முன்னால், அடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது என்று விழிக்கும் ஆளைப் பற்றி அம்மரபுகள் அதிகம் பேசவில்லை. வளர்ந்த வயதில் முதன்முறையாக ரேடியோவால் இயங்கும் கார் கிட் ஒன்றை வாங்கி மேசைமேல் பரப்பும் ஒருவர் அமர்வது அந்த விடுபட்ட இடத்தில்தான்.

அந்த மேசை மலேசியாவின் ஷா ஆலத்தில் இருப்பது இக்கேள்விக்குப் பொருத்தமாகவே அமைகிறது. சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்டு, 1978இல் சிலாங்கூரின் தலைநகராகிய இந்நகரம், அதற்கு முன்பிருந்தே கார்களைப் பொருத்தும் இடமாக வளர்ந்தது. 1960களின் பிற்பகுதியிலேயே பத்து தீகா பகுதியில் வால்வோ கார்கள் பொருத்தப்பட்டன. மலேசியாவில் கார் வாங்கப் போகும் எவருக்கும் சி.கே.டி. என்ற மூன்று எழுத்துகள் பழக்கமானவை: முற்றிலும் பிரித்த பாகங்களாக வந்து உள்நாட்டில் பொருத்தப்படும் வண்டியை அவை குறிக்கும். 1985 ஜூலையில் தேசியக் காராக அறிமுகமாகி, ஷா ஆலம் ஆலையிலிருந்து வெளிவந்த புரோட்டோன் சாகா, ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோர் வண்டியை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அது யார் செய்த கார் என்ற கேள்வி ஒட்டுக்கடைப் பேச்சு வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளித் தேரும் இந்தியாவில் செய்யப்பட்டு, பகுதிகளாகக் கப்பலேறி வந்து இங்கே பொருத்தப்பட்டதுதான். அதன்முன் தேங்காய் உடைப்பவர் எவரும் அது யார் செய்தது என்று கேட்பதில்லை.

ஷிசுவோகா நகரத்து தாமியா நிறுவனம் தன் முதல் ரேடியோ காரை, போர்ஷே 934இன் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், 1976இல் வெளியிட்டது. இன்று புதிதாகத் தொடங்குவோருக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படும் அதன் டிடி-02, 2013இல் வந்த பத்தில் ஒரு பங்கு அளவிலான நான்கு சக்கர இயக்க வண்டி. பெட்டியைத் திறந்தால் சட்டங்களோடு ஒட்டிய நிலையில் பிளாஸ்டிக் பாகங்கள், எழுத்திட்ட பைகளில் திருகாணிகள், ஒரு மோட்டார், நீண்ட உலோகத் தண்டு ஒன்று, நிறமற்ற பாலிகார்பனேட் மேற்கூடு, படங்களால் பேசும் ஒரு வழிகாட்டி ஏடு ஆகியவை இருக்கும். பொதுவாக மின்கலமும், கட்டளை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ எனும் சிறு மோட்டாரும் தனியாக வாங்க வேண்டியவை. இந்தக் குவியல் காரா?

இல்லை என்று முதலில் சொல்பவர்கள் பௌத்தர்கள். கிரேக்க வழியில் வந்த மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்ற துறவிக்கும் நடந்ததாகப் பாலி நூல் கூறும் உரையாடலில், தேரில் வந்திறங்கிய மன்னனிடம் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார் நாகசேனர். எதுவும் இல்லை என்றதும், தேர் என்பது இவற்றைச் சார்ந்து எழும் வழக்குப் பெயர் என்றும், மனிதன் என்பதும் அத்தகைய பெயரே என்றும் முடிக்கிறார். அவருக்கு முன்பே வஜிரா என்ற பிக்குணி இதே உவமையை, துறவியரை மயக்க வரும் மாரனுக்கு விடையாகச் சொன்னதாகச் சம்யுத்த நிகாயம் பதிவு செய்கிறது. ஏழாம் நூற்றாண்டின் சந்திரகீர்த்தி இதை இன்னும் இறுக்கினார். பாகங்களின் தொகுதியே தேர் என்றால், பிரித்துக் குவித்த பாகங்களும் தேராக வேண்டும் என்றார் அவர். கிட் பெட்டியைப் பார்த்துவிட்டே சொன்னதுபோல் இருக்கிறது. பாகங்களின் அமைப்பே தேர் என்பதையும் அவர் ஏற்கவில்லை. பொருத்துவதற்கு முன்பும் பின்பும் சக்கரத்தின் வடிவம் மாறுவதில்லை என்பது அவர் காட்டிய காரணம்.

நியாய மரபினர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். பாகத்தை அவயவம் என்றும், பாகங்களில் தங்கியிருந்தாலும் அவற்றினின்று வேறான முழுப்பொருளை அவயவி என்றும் அவர்கள் பெயரிட்டார்கள். நியாய சூத்திரம் தரும் சான்றுகளில் ஒன்று மிக எளியது: ஒரு பொருளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுவதும் கூடவே வருகிறது, மணல்குவியலில் ஒரு பிடியை அள்ளினால் மற்றது வருவதில்லை, ஆகவே முழுப்பொருள் என ஒன்று உண்டு. சேஸி எனப்படும் அடிச்சட்டத்தில் முன் அச்சும் பின் அச்சும் ஏறி, முதன்முறையாக அதை ஒரு கையால் தூக்கும்போது எல்லாமே சேர்ந்து எழும் அந்தக் கணத்தில், கிட் பொருத்துபவர் பெரும்பாலும் நியாயக் கட்சிக்கே வாக்களிப்பார்.

இவ்விரு கட்சிகளுக்கும் நடுவில் கிட் ஒரு புதிய சான்றை வைக்கிறது. தண்டின் வழியாக இயங்கும் நான்கு சக்கர வண்டியில் முன்னும் பின்னும் ஒவ்வொரு டிஃபரன்ஷியல் உண்டு. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி அது. இரண்டில் ஒன்றை இடம் வலமாகத் திருப்பி வைத்துவிட்டால், முன்சக்கரங்கள் முன்னோக்கிச் சுழலும்போது பின்சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலும். தொடக்கநிலையினர் பலர் செய்யும் பிழை இது. ஒரு திருகாணிகூடக் குறையவில்லை, எந்தப் பாகமும் பழுதில்லை, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் முழுவதும் வருகிறது, பார்ப்பவர் அதைக் கார் என்றே அழைக்கிறார். ஆனால் அது கார் அன்று, தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும் ஒரு பொருள். குறை பாகத்திலும் இல்லை, பெயரிலும் இல்லை, பாகம் பாகத்தோடு நிற்கும் உறவில் இருக்கிறது. சக்கரத்தின் வடிவம் மாறவில்லை என்று காட்டி அமைப்பை ஒதுக்கிய சந்திரகீர்த்தி இங்கே சற்று அவசரப்பட்டார் என்றே தோன்றுகிறது. இழுத்தால் வருவதே முழுப்பொருளுக்குப் போதிய அடையாளம் என்பவர்களுக்கும் இந்த வண்டி இடக்கு செய்கிறது.

தமிழில் இவ்வாதம் புதிதன்று. மணிமேகலை காப்பியத்தில் வஞ்சி மாநகரத்துச் சமயக் கணக்கர்கள் தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்கும் காதையில் வைசேடிகரும் சாங்கியரும் பேசுகிறார்கள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிற சமயங்களை ஆராயும் பரபக்கப் பகுதியில் பௌத்தப் பிரிவுகள் நான்கையும் தனித்தனியே எடுத்து மறுக்கிறது. அவருக்கு ஆசிரியரான மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களில் இயற்றிய சிவஞான போதத்தின் வழிவந்த சைவ சித்தாந்தம், சற்காரியவாதம் என்ற கொள்கையை ஏற்கிறது: காரியம் காரணத்துள் நுண்ணிலையில் முன்பே உள்ளது, இல்லாதது தோன்றாது. தோற்றத்துக்கு மூன்று காரணங்களையும் அது வகுக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணம், இறைவனின் சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம்.

கார் முன்பே உள்ளே இருக்கிறது என்பதற்குக் கிட் பெட்டியைவிட நல்ல சான்று கிடைக்காது என்று முதலில் தோன்றும். உற்றுநோக்கினால், நேராக ஓடும் கார் மட்டுமன்றி, முன்னும் பின்னும் எதிரெதிராகச் சுழலும் அந்தப் பிழை வண்டியும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டிக்கு இரண்டும் ஒன்றே. எது வெளிவர வேண்டும் என்பதை அது தேர்வதில்லை. சித்தாந்தம் மாயையைச் சடம், அதாவது அறிவற்ற பொருள் என்று சொல்வதன் வலு இங்கே புலப்படுகிறது: உள்ளே எல்லாம் இருப்பதனாலேயே, எதை எவ்வாறு வெளிக்கொணர்வது என்று அறியும் ஒருவர் தேவைப்படுகிறார்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் உவமை சிக்கலாகிறது. கிட் பொருத்துபவர் குயவர் அல்லர். வண்டியை எண்ணி வகுத்தவர்கள் ஷிசுவோகாவில் இருக்கிறார்கள். பொருத்துபவர் செய்வது அவர்கள் எண்ணியதைக் கூட்டி முடிப்பது. அதற்காக அவரைக் குயவரின் கைத்தண்டு போன்ற கருவி என்று தள்ளிவிடவும் முடியாது. தண்டு தவறு செய்வதில்லை, இவர் செய்கிறார். மூன்று காரணங்களுள் எதிலும் முழுமையாக அடங்காத இவருக்கு ஏற்ற இடம், சித்தாந்தம் உயிரைப் பற்றிப் பேசும் பகுதியில் கிடைக்கிறது. இறைவனைப் போல் தானே எல்லாம் அறிவதும் அன்று, சடத்தைப் போல் அறிவித்தாலும் அறியாததும் அன்று, அறிவிக்க அறிவதே உயிர் என்பது அதன் கணிப்பு. வழிகாட்டி ஏட்டின் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பல்சக்கரத்தைத் திருப்பி வைக்கும் கை, இந்த இலக்கணத்துக்குப் பொருந்திய கை.

தொடங்குபவர் குழந்தையாக இல்லாமல் வளர்ந்தவராக இருப்பது இங்கே கணக்கில் வருகிறது. குழந்தைக்கு அறிவிக்கப்படுவது இயல்பு. வாழ்க்கையில் கணக்குத் தணிக்கையோ பற்களைப் பிடுங்குவதோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதோ தொழிலாகக் கொண்டு, தன் துறையில் பிறருக்கு அறிவித்தே பழகிய ஒருவர், ஏழாவது படத்தைப் பார்க்காமலேயே எட்டாவதற்குத் தாவுவார். சர்வோவைப் பொருத்துமுன் மின்சாரம் கொடுத்து அதை நடுநிலையில் நிறுத்திய பிறகே அதன் கரத்தை மாட்ட வேண்டும் என்ற எச்சரிக்கை அவருக்குச் சில்லறை விஷயமாகத் தோன்றும். மாட்டிய பின் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாகவே கோணி நிற்கும், பாதி வண்டியைக் கழற்ற வேண்டிவரும். ஆணவத்தைச் சித்தாந்தம் வெறும் செருக்காகக் கொள்வதில்லை. அறிவை மறைக்கும் மலமாக, அதாவது உயிரோடு அனாதியாக ஒட்டிய அழுக்காகக் கொள்கிறது. வெறும் செருக்காக இருந்திருந்தால் ஏட்டைத் திறந்ததும் போயிருக்கும்.

கழற்றி மறுபடி மாட்டும்போது இன்னொன்று தெரியவரும். இவ்வண்டிகளின் திருகாணிகள் பல, பிளாஸ்டிக்கில் முதன்முறை இறங்கும்போதே தமக்கான மரையைத் தாமே வெட்டிக்கொள்பவை. இரண்டாம் முறை நேராக அழுத்தித் திருகினால் பழைய மரையின் குறுக்கே புது மரை விழுந்து துளை தளர்ந்துவிடும். பழகியவர்கள் முதலில் திருகாணியை எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுவார்கள். ஒரு சுற்றுக்குள் ‘டிக்’ என்று மிகச் சிறிதாக அது பழைய பாதையில் விழும், அதன்பின் முறுக்குவார்கள். செய்த செயல் விட்டுச்செல்லும் தடத்தை வாசனை என்றும், அடுத்த செயல் அத்தடத்திலேயே ஓட முற்படும் என்றும் இந்திய மரபுகள் சொல்வதை விளக்க, இதைவிடத் தொலைவில் போக வேண்டியதில்லை. ஆயினும் தடத்தை மரபுகள் பெரும்பாலும் கட்டாகவே பார்க்கின்றன. திருகாணி விஷயத்திலோ தடத்தைத் தேடிப் பிடிப்பதே துளையைக் காப்பாற்றுகிறது.

மேற்கூட்டின் வேலை தனி. தெளிந்த பாலிகார்பனேட் கூட்டுக்கு உட்புறமிருந்து வண்ணம் தெளிக்கிறார்கள், ஆகையால் முதலில் அடித்த வண்ணமே வெளியே முதலில் தெரியும். வெளிப்புறத்தில் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று தொடக்கத்திலிருந்தே ஒட்டியிருக்கும். வண்ணம் முழுதும் காயும்வரை அதை உரிப்பதில்லை. அதுவரை வண்டி மங்கலாக, சிதறிய வண்ணத் துகள்கள் படிந்து, பார்க்கச் சகிக்காமல் கிடக்கும். இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலையும் அருளின் ஒரு வடிவாகவே சித்தாந்தம் எண்ணுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வலிந்த விளக்கமாகப் படலாம். பக்குவம் வரும்வரை காப்பதற்காகவே மறைப்பு என்ற அதன் வாதத்துக்கு இப்படலம் ஒரு சிறு ஆதரவு.

எல்லாம் முடிந்து வண்டி தரையில் நிற்கும்போது பழைய தேர் உவமை தலைகீழாகிறது. கடோபநிடதத்தில் உடல் தேர், ஆன்மா அதில் செல்பவன், புத்தி தேரோட்டி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். ஓட்டுபவரும் செல்பவரும் தேருக்குள்ளேயே இருக்கிறார்கள். ரேடியோ காரில் உள்ளே எவரும் இல்லை. ஓட்டுபவர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் நிற்கிறார். அவருடைய கட்டளை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகிறது. வண்டி அவரைவிட்டு விலகிப் போகும்வரை சிரமமில்லை. திரும்பி அவரை நோக்கி வரத் தொடங்கியதும் இடம் வலமாகிவிடும். அவருடைய இடக்கைப் பக்கம் வண்டியின் வலப்பக்கம். புதிதாக ஓட்டுபவர்கள் சுவரில் மோதுவது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான். கொஞ்சம் பழகியபின் அவர்கள் இடம் வலம் கணக்கிடுவதை விட்டுவிடுகிறார்கள். நின்ற இடத்தில் நின்றபடியே வண்டிக்குள் அமர்ந்தவர்போல் திருப்புகிறார்கள்.

இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை மெய்கண்டார் மரபு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்றல் என்று மூன்று வகையாக விரித்து, அதையே அத்துவிதம் என்ற சொல்லுக்குப் பொருளாகக் கொள்கிறது. உயிர் உடலோடு கலந்து தானே உடலாய் நிற்பதை ஒன்றாதலுக்கும், கண்ணுக்குக் கதிரொளி போல இறைவன் துணைநிற்பதை வேறாதலுக்கும் அது உவமை காட்டும். வண்டியாகவே ஆகிவிட்ட கவனமும், பத்து மீட்டர் தள்ளி நிற்கும் உடலும், விரலசைவுக்கு விரலசைவு கூடவே போகும் கட்டளையும் அம்மூன்றையும் ஓரளவு நினைவூட்டும். ஆனால் மின்கலத்தின் வலு வண்டியுடையது, அதற்குள் கட்டளையை ஏற்கவோ மறுக்கவோ ஓர் அறிவு இல்லை. வண்டி சடம், உயிர் சடம் அன்று. தூரம் அதிகமாகி அலை எட்டாதபோது, கட்டளையை வாங்கும், முறையாக அமைக்கப்பட்ட ஏற்பி மோட்டாருக்குப் போகும் விசையைத் தானே நிறுத்திவிடும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும், ஓட்டுபவர் நடந்துபோய் எடுத்துவர வேண்டும். இறைவனோடு உயிருக்குள்ள தொடர்பு எந்நிலையிலும் அறுவதில்லை என்று கொள்ளும் சித்தாந்தத்தில் இத்தகைய தூரத்துக்கு இடமே இல்லை.