வெளியே விடும் மூச்சு

இன்ஜினைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் உள்ளே போவதைப் பற்றித்தான் பேசுவார்கள். எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று, எந்த ஃபில்டர். எரிந்து முடிந்ததைப் பற்றி அக்கறைப்படுகிறவர்கள் குறைவு. அது பின்பக்கக் குழாய் வழியே தொலைந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் சிலிண்டருக்குள் பழைய புகை தங்கியிருக்கும் மட்டும் புதுக்காற்றுக்கு இடமில்லை. எந்த இன்ஜினின் திறமையும் முதலில் அது எவ்வளவு நன்றாகக் காலியாகிறது என்பதில் இருக்கிறது.

அந்தக் காலியாகும் வேலையை முதலில் வாங்கிக்கொள்வது ஹெடர். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரு குழாய் புறப்பட்டு, வளைந்து, கடைசியில் ஒன்றாகச் சேரும். நம்மூர் மெக்கானிக்குகள் மோட்டார் சைக்கிளில் பெண்டு பைப் என்கிறார்களே, அதுவே நான்காகக் கிளைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். நான் வசிக்கும் தென் கலிபோர்னியாவில் சனிக்கிழமை காலைகளில் எத்தனையோ கராஜ்களில் யாராவது ஒருவர் தன் ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் படுத்து, கம்பெனி போட்டுக்கொடுத்த ஹெடரைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொண்டிருப்பார். நானும் என் சுபாரு பிஆர்இஸட் காருக்கு அதைச் செய்தேன். ஜப்பானின் குன்மா ஆலையில் இதுவும் இதன் இரட்டைப் பிறவியான டொயோட்டா 86-உம் சேர்ந்தே பிறந்தவை. 2012-இல் வெளிவந்த முதல் தலைமுறைக்கு 2 லிட்டர் இன்ஜின், 200 குதிரைத்திறன். நிமிடத்துக்குச் சுமார் 3,500 சுற்றுகளிலிருந்து 4,500 வரை இழுவையில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் இந்தக் காரின் சொந்தக்காரர்கள் ஹெடர் மாற்றுகிறார்கள்.

வெறும் வளைகுழாய் எப்படி இழுவையைக் கூட்டும்? எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது பிஸ்டன் இன்னும் அடிமட்டத்தைத் தொட்டிருக்காது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு. ஆகவே புகை நழுவி வெளியேறுவதில்லை, அடித்துக்கொண்டு பாய்கிறது. 6,000 சுற்றுகளில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் நொடிக்கு 200 முறை இந்த அடி விழுகிறது. நெடுஞ்சாலையில் லாரி கடந்துபோன கணத்தில் அதன் பின்னால் சருகுகள் எழுந்து ஓடுவதைப் பார்த்திருப்போம். ஒவ்வொரு அடியும் தன் பின்னால் அப்படியொரு வெற்றிடத்தை இழுத்துச் செல்கிறது. அதோடு, குழாய்கள் சேர்ந்து விரியும் இடத்தை அடி எட்டியதும் அங்கிருந்து ஓர் உறிஞ்சு அலை திரும்பி வால்வை நோக்கி வரும். உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் மிகக் குறுகிய நேரத்தில் அந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை உருவியெடுத்து, பிஸ்டன் இறங்கத் தொடங்கும் முன்பே புதுக்காற்றை உள்ளே இழுத்துவிடும். வரும் நேரத்தைத் தீர்மானிப்பது குழாயின் நீளம். ஒரு வேகத்துக்குப் பொருந்தும் நீளம் இன்னொரு வேகத்துக்குப் பொருந்தாது. எல்லா வேகத்துக்கும் நல்ல ஹெடர் என்று விற்கிறவரை நம்பவேண்டியதில்லை.

இன்னும் நுட்பமானது, எந்தக் குழாயை எந்தக் குழாயோடு சேர்ப்பது என்பது. பிஆர்இஸட்டின் இன்ஜினில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கின்றன. ஒருபுறம் 1, 3. மறுபுறம் 2, 4. எரியும் வரிசை 1-3-2-4. அதாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டும் அடுத்தடுத்து எரிகின்றன. அவற்றின் குழாய்களை உடனே இணைத்துவிட்டால், ஒன்று இன்னும் காலியாகிக்கொண்டிருக்கும்போதே மற்றதன் அடி வந்து மோதும். வெளியேற வேண்டிய புகை பின்னுக்குத் தள்ளப்படும். அதனால் ஒவ்வொரு குழாயும் இன்ஜினுக்கு அடியே நீண்டு, எதிர்ப்புறத்திலிருந்து வரும் தனக்கு இசைவான இணையைச் சந்திக்கிறது: ஒன்று இரண்டோடு, மூன்று நான்கோடு. ஒன்றின் அடிக்கும் இணையின் அடிக்கும் நடுவே ஒரு முழுச் சுற்று இடைவெளி. பழைய சுபாருக்களில் இந்த நீளங்கள் சமமாக இல்லை. அடிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததால் எழுந்ததே அவற்றுக்குப் பேர் வாங்கித்தந்த அந்தக் குமுறல். அந்த ஒலிக்காகவே சமமற்ற ஹெடரைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அந்த ஆசை எனக்குப் புரிகிறது, ஒலியும் அழகுதான். ஆனால் நாம் ரசிப்பது சிலிண்டர்கள் ஒன்றையொன்று மூச்சுமுட்டச் செய்யும் சத்தத்தை.

வேலை என்னவோ பொறுமையைக் கேட்கும் வேலை. இந்த இன்ஜினின் புகைவாய்கள் கீழ்நோக்கித் திறக்கின்றன, எல்லாமே மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சமதளத்தில் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளில் இறக்கி, கையால் உலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே தலையை விடலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார். ஆயிரக்கணக்கான தடவை சூடேறி ஆறிய நட்டுகள் ஸ்டட்டோடு இறுகிப்போயிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட வேண்டும். அடம்பிடிக்கும் நட்டை ஒரே இழுப்பில் திருகாமல், கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி வெளியே கொண்டுவர வேண்டும். ஸ்டட் முறிந்தால் மிச்சத்தை சிலிண்டர் ஹெட்டிலிருந்து துளைபோட்டுத்தான் எடுக்க முடியும். புகையை முகரும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்ற, ஒயர் நுழையப் பக்கவாட்டில் பிளந்த 22 மில்லிமீட்டர் சாக்கெட் தனியாக வேண்டும்.

புதியதை மாட்டும்போது கேஸ்கெட்டும் புதிதாக இருக்க வேண்டும். எல்லா நட்டையும் முதலில் கையாலேயே திருகி உட்காரவைத்து, பிறகு டார்க் ரெஞ்சால் சுற்று முறையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் விளிம்பு சரியாகப் படியாது. படியாத இடத்தில் மயிரிழை இடைவெளி போதும். அடிகளுக்கு நடுவே அழுத்தம் குறையும்போதெல்லாம் அந்த இடைவெளி வெளிக்காற்றை உறிஞ்சும். சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து முகர்ந்து, பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பிக் கூடுதலாகப் பெட்ரோல் விடும். வெளியேறும் வழியில் ஒரு சிறு கசிவு, உள்ளே வரும் வழியின் கணக்கையே பொய்யாக்கிவிடுகிறது. மாட்டி முடித்ததும் குழாய்களை ஸ்பிரிட்டால் துடைப்பார்கள். கைரேகை எண்ணெய் படிந்த இடம் சூட்டில் கறையாக நின்றுவிடும். முதல் சூட்டில் எஃகு வைக்கோல் மஞ்சளாகும், பிறகு நீலம் பாயும். உலோகத்தின் மேல் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிமன் கூடக்கூட நிறம் மாறுகிறது.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும் முன் கராஜ் கதவை முழுக்கத் திறக்க வேண்டும். வீட்டுக்குள் போகும் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். இதை யாரும் யாருக்கும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது இந்த இடம்தான். மூடிய கராஜில் நமக்கு எமனாகத் தெரிகிற அதே புகை, கதவைத் திறந்ததும் நம் கவலையிலிருந்து மறைந்துவிடுகிறது. அது எங்கே போயிற்று? கராஜைவிடப் பெரிய ஓர் அறைக்குப் போயிற்று. அங்கேயும் ஆட்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளியே என்று நாம் சொல்லும் இடம் உண்மையில் எங்குமே கிடையாது. ஒருவர் வெளியேற்றுவது எல்லாம் இன்னொருவர் உள்ளிழுக்கும் வழியில்தான் போய்ச் சேருகிறது. நான்கு சிலிண்டருக்குள் ஒரு பொறியாளர் மில்லிமீட்டர் கணக்கில் யோசித்துத் தீர்த்த அதே சிக்கல், குழாயின் வால்நுனியைத் தாண்டியதும் ஊருக்கும் இருக்கிறது. தான் காலியாகும் விதத்தால் அடுத்தவருக்கு உதவலாம், அல்லது அவர் மூச்சை அடைக்கலாம். இரண்டையும் செய்யாமல் ஒதுங்கி நிற்க ஒருவராலும் முடியாது.

இதைக் கசப்போடு கற்ற ஊர் லாஸ் ஏஞ்சலஸ். 1943 ஜூலையில் கண்ணை எரித்த புகைமூட்டம் நகரைக் கவிந்தபோது, போர்க்காலமாதலால் எதிரியின் விஷவாயுத் தாக்குதலோ என்றுகூட அஞ்சினார்கள். செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் தயாரித்த ஆலை ஒன்றின் மேல் பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள், மூட்டம் நிற்கவில்லை. கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் விடை கண்டார்: எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கலந்து ஓசோனை உண்டாக்குகின்றன. அந்த ஆவியில் பெரும்பங்கு கார்களுடையது. எதிரி வானத்திலிருந்து வரவில்லை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றிருந்தான். அதே ஆண்டுகளில், அதே ஊரில்தான், இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை வாங்கி, ஹெடர் பற்றவைத்து, எல் மிராஜ் வறண்ட ஏரிப்படுகையில் ஓட்டி, ஹாட் ராடு பண்பாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கதைகளையும் ஒரே கதையாகப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஹாகன்-ஸ்மித் பின்னாளில் கலிபோர்னியாவின் காற்றுவள வாரியத்துக்கு முதல் தலைவரானார். 1975 மாடல் கார்களிலிருந்து, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது.

பிஆர்இஸட்டில் முதல் கன்வெர்ட்டர் ஹெடரிலேயே இருக்கிறது. அது புகையின் வழியை மறிக்கிறது என்று குறைப்படுவார்கள். உண்மைதான், மறிக்கிறது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டுத் துளைகள் வழியாகப் புகை போயாக வேண்டும். ஆனால் அதை இன்ஜினை ஒட்டி வைத்ததற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய 250, 300 டிகிரி சூடேறும்வரை அது வேலை செய்யாது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடங்களில்தான் ஒரு சிறு பயணத்தின் மாசில் பெரும்பங்கு வெளிவருகிறது. சீக்கிரம் சூடேற வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கம்பெனி ஹெடரை அறியாமையால் செய்த பொருளாக நினைப்பது தவறு. காரில் உட்காராதவர்களின் பங்கும் அதில் வளைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

கன்வெர்ட்டர் இல்லாத ஹெடர் விலை குறைவு, எடை குறைவு, அந்தப் பள்ளத்தையும் நன்றாகவே நிரப்புகிறது. அமெரிக்கச் சட்டம் அதைச் சாலைக் காரில் மாட்ட அனுமதிப்பதில்லை. கலிபோர்னியா இன்னும் கறார்: வாரியம் சோதித்து எண் கொடுத்த ஹெடரைத்தான் மாட்டலாம், இரண்டாண்டுக்கு ஒருமுறை புகைச்சோதனை செய்பவர் அந்த எண்ணைக் கண்ணால் பார்ப்பார். நான் கன்வெர்ட்டர் உள்ளதை, எண் உள்ளதைத்தான் மாட்டியிருக்கிறேன். பள்ளம் குறைந்திருக்கிறது, மறையவில்லை. சட்டத்துக்குப் பயந்தா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் இதையே மாட்டியிருப்பேன். ஏஞ்சலஸ் கிரெஸ்ட் மலைப்பாதையின் வளைவில் எனக்குக் குறைவது ஒரு நொடி இழுவை. ஆனால் ஆறிய இன்ஜின் தன் மோசமான முதல் நிமிடத்தைக் கழிப்பது அந்த மலையில் இல்லை, தினமும் காலையில் எங்கள் தெருவில், பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே.