கொஞ்சம் ஸ்லோ

ஒரு படத்தைப் பற்றி இருபத்திநாலு மணி நேரத்துக்குள் இரண்டு கருத்துகள் சொன்னேன். இரண்டுமே பொய் இல்லை. ஆனாலும் இரண்டையும் நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வெளியாகின. அந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் வெளியூர். "தியேட்டருக்குப் போயே வருசக்கணக்காச்சுடா, ஏதாச்சும் ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போயேன்" என்றாள். 'வாழை'க்கு முன்வரிசைதான் மிச்சம் இருந்தது. 'கொட்டுக்காளி'க்குப் பாதி அரங்கு காலி. சூரி நடிச்சது என்றதும் அக்கா சந்தோஷமாகிவிட்டாள். அவள் மனதில் இருந்தது பரோட்டா சூரி. எனக்கோ அந்தப் படம் எதைப் பற்றியது என்று தெரியும். பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிட்டபோதே அதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். தெரிந்தேதான் டிக்கெட் போட்டேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை, அது எவ்வளவு மோசமான உண்மையாக இருந்தாலும்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம். மீனா என்கிற பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, கட்டிக்கப்போகிற பாண்டியும் இரண்டு குடும்பத்து ஆட்களும் அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஒரு சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். ஆட்டோவுக்குள் பலிச் சேவல் ஒன்றும் வருகிறது. பின்னணி இசை கிடையாது. மீனா (அன்னா பென்) கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு வருகிறான். வழி நெடுக ஆண்கள் ஒன்றுக்கு இறங்குகிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், ஆட்டோவைத் தள்ளுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

அரை மணி நேரத்தில் பின்னால் இருந்து ஒருத்தர் "அண்ணே, பாட்டைப் போடுங்கண்ணே" என்று கத்தினார். அரங்கே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா சிரித்தாளா என்று பார்க்கவில்லை. படம் முடிந்ததே பலருக்குத் தெரியவில்லை. விளக்கு போட்டதும் "என்னடா இது, முடிஞ்சிருச்சா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே டீக்கடையில் நின்றோம். அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான். கொஞ்சம் ஸ்லோக்கா."

"ம். ஆமா." ஒரு வாய் குடித்தாள். "அந்தச் சேவல்தான் பாவம்."

அதற்குமேல் பேசவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் நண்பர்கள் கேட்டார்கள். அங்கே ஒரு கால் மணி நேரம் பேசினேன். நீளமான ஷாட்கள், இயற்கை ஒலி, 'கூழாங்கல்' ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, தமிழ் ரசிகர்களுக்குப் பொறுமை இல்லாதது. "இதெல்லாம் வேற லெவல் படம்டா, நம்ம ஆளுங்களுக்குப் புரியாது" என்றேன். முந்தின நாள் சிரித்தவன் நான்.

ஒருவன் இடத்துக்கு ஏற்றபடி கருத்தை மாற்றிக்கொண்டான், இதில் என்ன பெரிய ஒழுக்கக் கேள்வி என்று கேட்கலாம். படம் பார்த்துவிட்டுப் போகிற போக்கில் சொல்வது சத்தியப் பிரமாணமா என்ன? சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை எடுத்துக்கொண்டே "மொக்கைப் படம்பா" என்று சொல்லுகிற மனிதரிடம் நான் ஆதாரம் கேட்கப் போவதில்லை. காசு அவருடையது, ஞாயிற்றுக்கிழமை அவருடையது. தவிர, அந்த 'மொக்கை'யில் ஒரு நேர்மை இருக்கிறது. அவர் ஏமாந்திருக்கிறார், ஏமாந்ததைச் சொல்கிறார்.

போகிற போக்கில் சொல்லும் சொல்லுக்குப் பல்லே கிடையாது என்று மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே வருடம் செப்டம்பரில் 'மெய்யழகன்' வந்தது. இரண்டு பேர் ஒரு ராத்திரி முழுக்கப் பேசுகிற படம். "லெங்த்தைக் குறைச்சிருக்கலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டும்படி யாரும் உத்தரவு போடவில்லை. நாம் ஆளுக்கு ஒரு வரி சொன்னோம், அவ்வளவுதான். 2003இல் 'அன்பே சிவம்' ஓடவில்லை. இன்று அதைக் கொண்டாடுகிறவர்களில் அன்று நடுத்தர வயதில் இருந்தவர்களைப் பிடித்து, அப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இம்மானுவேல் காண்ட் 1790இல் எழுதிய நூலில் ஒரு சின்ன உதாரணம் தருகிறார். ஒருவர் கானரித் தீவு ஒயின் இனிமையானது என்கிறார். "உங்களுக்கு இனிமையானது என்று சொல்லுங்கள்" எனத் திருத்தினால் அவர் வருத்தப்பட மாட்டார். நாக்கு அவரவர் நாக்கு. ஆனால் ஒரு கட்டடத்தையோ கவிதையையோ காட்டி "இது எனக்கு அழகு" என்று சொல்வது சிரிப்புக்குரியது. அழகு என்று சொன்னாலே மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கோருகிறோம் என்பது காண்டின் வாதம். கல்லூரியில் இதைப் படித்தபோது, நாம் எல்லாரும் ஒயினைப் பற்றிப் பேசுகிற மாதிரி கலையைப் பற்றிப் பேசுகிறோம், அதுதான் தப்பு என்று நினைத்தேன். டீக்கடையில் நான் செய்தது அதற்கு நேர் தலைகீழ். எனக்குள் நடந்த ஒன்றைத் தூக்கிப் படத்தின் தலையில் வைத்தேன். 'கொட்டுக்காளி' ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம் பெரிய ஹீரோக்களின் படங்கள் மூன்று மணி நேரத்தைத் தொடும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்காதவன் நான். இது ஏன் எனக்கு நகரவே இல்லை?

ஏனென்றால் அந்த வண்டியில் நான் போயிருக்கிறேன்.

2009. எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். ஆட்டோ இல்லை, மாமாவின் நண்பருடைய ஆம்னி வேன். "சும்மா கும்பிட்டுட்டு வந்துரலாம்" என்று சொல்லித்தான் அவளை ஏற்றினார்கள். முன்சீட்டில் மாமா, நடுவில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இடையில் அக்கா, பின்னால் நானும் ஒரு கட்டைப்பையும். பையில் எலுமிச்சம்பழம், சூடம், புதுத் துண்டு. எங்களுடையதிலும் ஒரு சேவல் இருந்தது. கால்களைக் கட்டிப் போட்டிருந்ததால் அது கத்தக்கூட இல்லை. கோடாங்கி உடுக்கை அடித்ததும், அக்காவின் முடியைப் பிடித்ததும் எனக்குத் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் சீட். நல்ல காற்று. பயணம் எனக்கு ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அக்காவின் போன் அரிசிப் பானைக்குள் இருந்ததை அம்மாவிடம் சொன்னது நான். கோபத்தில் சொல்லவில்லை. அம்மா "அவ போனைப் பாத்தியாடா?" என்று கேட்டாள், பார்த்திருந்தேன், சொன்னேன். போகிற போக்கில் சொன்ன ஒரே ஒரு வரி.

ஆகவே, "கொஞ்சம் ஸ்லோ" என்றால் என்ன? படம் மெதுவாகப் போனது உண்மை. ஆனால் அந்த மெதுவு இயக்குநரின் பாணி மட்டும் இல்லை. நடு சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த வழி எவ்வளவு நீளம் என்பதை அது அளந்து காட்டுகிறது. பின்சீட்டுப் பையனுக்கு அரை மணியில் முடிந்த வழி. பதினைந்து வருடம் கழித்து முதல்முறையாக அந்த நீளத்தை எனக்குக் காட்டினார்கள், நான் அதையே படத்தின் குறை என்று சொல்லிவிட்டேன். அதுவும் யாரிடம்!

திங்கட்கிழமைப் பேச்சு இதைவிட மோசம் என்று இப்போது தோன்றுகிறது. "ஸ்லோ" என்றவன் வாசலை மூடிக்கொண்டான். அவ்வளவே. "நம்ம ஆளுங்களுக்குப் புரியாது" என்றவனோ அந்த வாசலில் நின்று மற்றவர்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். அரங்கில் இருந்தவர்களில் படம் முழுசாகப் புரிந்தவள் ஒருத்தி நிச்சயம் இருந்தாள். அவளுக்கு ராட்டர்டாம் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டு என்கிறது. ஒரு காட்சி நம் உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு எட்டுப் பெயர்கள். அதில் எனக்குப் பிடித்தது இளிவரல். அருவருப்பு, இழிவு என்று உரை சொல்கிறார்கள். ஆனால் அது பிறக்கும் இடங்களாக அந்நூல் சொல்பவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இன்னொருவரின் துன்பத்தைப் பார்க்கும்போது நம்மையும் சேர்த்துக் குறுக வைக்கிற ஏதோ ஒன்று. நம்மிடம் இருக்கிற சொற்கள் மாஸ், செம, சுமார், மொக்கை. இந்த நாலில் எதை வைத்து அந்த டீக்கடையில் நான் பேசியிருக்க முடியும்? சொல் இல்லாமல் போனது ஒரு சாக்குதான் என்றும் தெரிகிறது. அக்காவிடம் அதே சொற்கள்தான் இருந்தன. அவள் சேவல் பாவம் என்றாள்.

அந்தச் சேவலைப் பற்றி நான் எத்தனையோ விதமாக யோசித்தேன். அது குறியீடு என்று எழுதுபவர்கள் எழுதிவிட்டார்கள், கட்டப்பட்ட பெண்ணும் கட்டப்பட்ட சேவலும். அக்கா குறியீட்டைச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒரு சேவலைப் பார்த்திருக்கிறாள். அது அவளோடு வண்டியில் வந்தது.

போன மாதம் அக்கா போன் பண்ணினாள். "அந்தச் சேவல் படம் செல்லுல வந்துச்சுடா. மறுபடி பாத்தேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "முழுசாவா?"

"முழுசா. பாதியில ஒரு மாடு ரோட்டுல நிக்கும்ல, அத்தன ஆம்பளையும் பயந்துக்கிட்டு நிப்பாங்க, ஒரு சின்னப் புள்ள வந்து புடிச்சிட்டுப் போகும். அன்னைக்குத் தியேட்டர்ல அந்த இடத்துல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நீ தப்பா நெனப்பியோன்னு அடக்கிக்கிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "கடைசியில அவன் என்னடா பண்ணுவான்? உள்ள கூட்டிட்டுப் போவானா, திரும்பிருவானா?"

படம் அங்கேதான் நிற்கிறது. சாமியார் இன்னொரு பெண்ணிடம் நடந்துகொள்வதைப் பாண்டி பார்க்கிறான், அப்புறம் என்ன என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமை இதைப் பற்றி "ஓபன் எண்டிங்" என்று ஐந்து நிமிடம் பேசியிருந்தேன்.

"தெரியலக்கா. நீ என்ன நெனைக்கிற?"

"நம்ம வேன்ல யாரும் திரும்பலையே" என்றாள், சாதாரணமாக. பிறகு, "இரு, குக்கர் விசில் அடிக்குது" என்று வைத்துவிட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நான்தான் திரும்ப அடித்தேன். இரண்டு ரிங்கில் எடுத்தாள். "அக்கா, அந்த அரிசிப் பானை..." என்று ஆரம்பித்தேன்.