வேஷத்தைக் கலைக்கிற கை யாருடையது?

எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. தோழர்களிடம் சொன்னபோது சிரித்தார்கள். 'எம்.ஏ. தமிழ் படிச்சிட்டு, இருக்கிற போராட்டத்த எல்லாம் விட்டுட்டு, பகடை உருட்டப் போறியா?' என்று ஒருவர் கேட்டார். ஆமாம், உருட்டத்தான் போகிறேன். அதைப் பதிவு செய்து பாட்காஸ்டாக ஊர் உலகம் கேட்க வெளியிடவும் வேண்டும். முதல் பதிவு என் செல்போனில் கிடக்கிறது. அதை ஏன் இன்னும் வெளியே விடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் இதுதான். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். 'நீ ஏரிக்கரைக்கு வந்துட்ட. எதிர்ல காவக்காரன் நிக்கிறான். இன்னா செய்யப் போற?' என்று நடத்துகிறவர் கேட்பார். ஆடுகிறவர் அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை சொல்லும். மேடை கிடையாது, அரிதாரம் கிடையாது, எழுதி வைத்த வசனமும் கிடையாது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்குத் தொடக்கம்.

அந்த முதல் விதிப் புத்தகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குள்ளர் இனத்தில் பிறந்த வீரன் 6ஆம் படிக்கு மேல் ஏற முடியாது. அதைவிடச் சிறிய இன்னொரு இனத்தில் பிறந்தவன் 4ஆம் படியோடு நிற்க வேண்டும். மனிதனாகப் பிறந்தவனுக்கு மட்டும் எல்லையே கிடையாது. கற்பனைக்கு வேலி இல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் முதலில் போட்டது பிறப்பு வேலி. 2024இல் வந்த புதிய விதிப் புத்தகத்தில் 'இனம்' என்று அவர்கள் வைத்திருந்த சொல்லையே மாற்றிவிட்டார்கள். பிறப்பால் கிடைத்துக்கொண்டிருந்த கூடுதல் பலமும் பாத்திரத்தின் வாழ்க்கைப் பின்னணிக்குப் போய்விட்டது. ஐம்பது வருஷம் பிடித்திருக்கிறது, ஒரு விளையாட்டுக்கே!

வேஷம் கட்டுவது நமக்கொன்றும் புதிதில்லை. எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் பாரதம் வைத்தால் ராத்திரி பூராவும் கூத்து நடக்கும். மீசை வைத்த ஆம்பிளை திரௌபதியாக வந்து நிற்பார், சூதாட்டத்தில் தோற்கப்பட்ட அந்தப் பெண்ணுக்காகச் சனம் அழும். ஆண் பெண்ணாகலாம். நெல் அறுக்கிறவன் துரியோதனனாகலாம். ஆனால் நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊர்த்தெருக் கூத்தை நாங்கள் பார்த்தது எட்ட நின்றுதான். மேளத்துக்கு நம் ஆட்கள் வேண்டும், கிரீடத்துக்கு வேண்டாம். எங்கள் காலனியிலும் ஒரு ஜமா இருந்தது. அவர்கள் ராஜா வேஷம் கட்டி ஆடினார்கள், எங்கள் தெருவில். எல்லை தாண்டி அந்தக் கிரீடம் போனதில்லை.

அப்புறம், உத்திரமேரூர் என்றால் உடனே குடவோலை என்பார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் எங்கள் ஊர்க் கல்வெட்டைச் சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படித்தவனுக்குப் பெருமை எவ்வளவு நேரம் நிற்கும்? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. 30 குடும்பு. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. எல்லாம் நல்ல விதிதான். குடத்துக்குள் போகத் தகுதி என்ன? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேத ஞானம், வயது 35க்கு மேல் 70க்குள். கீழ்மக்களோடு சேர்ந்து கெட்டவன் பிராயச்சித்தம் செய்கிறவரைக்கும் அவன் பெயரும் போகாது. அது சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர் சபை. அடுத்த நூற்றாண்டில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று பெயர் சொல்லியே எழுதுகிறது. குடத்துக்குள் போகாதவர்கள் எங்கே இருந்தார்கள் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தை அரசியலின் அலகாக வைக்க மறுத்தது சும்மா இல்லை.

இதிலிருந்துதான் என் ஆட்டம் பிறந்தது. வருஷம் 921, இடம் உத்திரமேரூர். வாரியத்தாரின் பெயரும் ஏரியில் தூர் எடுக்கிறவனின் பெயரும் நாற்று நடுகிறவளின் பெயரும் ஒரே குடத்தில். காலனிப் பையன் ஒருவன் கைவிட்டு எடுப்பான். வந்த சீட்டுத்தான் உன் பிறப்பு. பகடைக்கு எங்கள் ஆயா வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டை. கதை நடத்துகிறவருக்குக் கட்டியங்காரன் என்று பேர் வைத்தோம். கூத்தில் ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்கிறவன் அவன்தானே. அந்த வேலை எனக்கு.

இரவுப் பாடசாலையில் ஒரு சனிக்கிழமை ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஊர்த்தெருவிலிருந்து ஒரு தோழர் வந்திருந்தார். நல்லவர், நம் ஊர்வலங்களில் கொடி பிடித்தவர். தூர் எடுக்கிற பறையன் சீட்டு அவருக்கு வந்தது. ஏரி வாரியத்தார் சீட்டு என் சித்தப்பா மகளுக்கு. கல்லூரியில் படிக்கிற பெண்.

தோழர் உருக்கமாக ஆடினார். குரல் உடைந்தது. 'சாமி, சாமி' என்று கும்பிட்டார், காலில் விழுந்தார், அழுதார். எங்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பாட்காஸ்டுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், பொய் சொல்லக் கூடாது. அப்போது தங்கச்சி ஆட்டத்தை நிறுத்தியது.

'அண்ணா, எங்க தாத்தாவும் ஆண்டை எதிர்ல வளஞ்சிதான் நின்னாரு. ஆண்டை திரும்புனதும் காறித் துப்புவாரு. வூட்டுக்கு வந்து ஆண்டை மாதிரியே நடந்து காட்டுவாரு, நாங்க வயிறு வலிக்கச் சிரிப்போம். நீங்க ஆடுறது ஆண்டைக்குத் தெரிஞ்ச தாத்தாவ. எங்களுக்குத் தெரிஞ்ச தாத்தா இதுல இல்ல.'

தோழர் முகம் வெளுத்தது. 'அப்ப நான் ஆடவே கூடாதா?' என்று கேட்டார்.

இது பழைய கேள்வி. தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்று தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் நடந்த சண்டையும் இதுதான். பட்டவன்தான் எழுத முடியும் என்றது ஒரு பக்கம், கற்பனைக்குச் சாதி உண்டா என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் எனக்குப் போதவில்லை. பட்டவன் மட்டும்தான் என்றால், ராஜா வேஷத்துக்கு நான் ஆசைப்பட முடியாது. திரௌபதியின் வலியை அந்த மீசைக்காரர் தொட்டதும் பொய்யாகிவிடும். அடுத்தவன் இடத்தில் நின்று பார்ப்பதே குற்றம் என்றால் சாதியை ஒழிக்க யாரிடம்தான் பேசுவது? அதே நேரம், கற்பனைக்குச் சாதி இல்லை என்று சொல்கிறவர் யார் என்று பாருங்கள். வேலிக்கு அந்தப்பக்கம் போய்வர எப்போதும் அனுமதி இருந்தவர்தான் அதைச் சொல்கிறார்.

அன்றைக்கு ராத்திரி இன்னொன்றும் நடந்தது. ஆட்டம் தொடர்ந்தபோது கோடையில் சேரிக்குத் தண்ணீர் விடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய கட்டம் வந்தது. தங்கச்சி வாரியத்தாராக உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், 'மொதல்ல மங்கலத்து நெலம் பாயட்டும், அப்புறம் பாக்கலாம்' என்றது. தாயக்கட்டையில் பன்னிரண்டு விழுந்தது. சேரிக்குத் தண்ணீர் இல்லை. முடிந்தபிறகு வெளியே வந்து, 'அண்ணா, எனக்கு அது இன்னா ஈஸியா வந்துச்சி பாத்தியா? பயமா கீது' என்றது. கொடுமை அந்த நாற்காலியில் இருக்கிறது, உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்கிறது என்பதை எந்தப் புத்தகமும் அந்தப் பெண்ணுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்காது. நமக்கும் கீழே ஒருவரை வைத்துப் பார்க்கிற புத்தி நம் தெருவிலும் உண்டு. படிநிலை ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதை நாம் மேலே பார்த்து மட்டுமே படிக்கிறோம்.

ஆக இரண்டு பேருமே அடுத்தவர் வேஷத்தைப் போட்டார்கள். என்ன வித்தியாசம்? நான் ரொம்ப யோசித்தேன். ஆட்டம் முடிந்து தோழர் ஊர்த்தெருவுக்குப் போனார். பறையன் வேஷம் அந்த மேஜை மேலேயே கலைந்துபோனது. தங்கச்சியும் வாரியத்தாரைக் கலைத்துவிட்டுக் காலனிக்கு வந்தது, ஆனால் அங்கே கலைக்க முடியாத ஒன்று காத்திருந்தது. அதுதான் விஷயம். நினைத்தபோது கலைக்க முடிந்தால் அது விளையாட்டு. கலைக்கவே முடியாத வேஷத்துக்குத்தான் சாதி என்று பேர்.

இன்னும் ஒன்று உண்டு, போட்ட வேஷத்தை அடுத்தவன் வந்து கலைப்பது. 1996இலிருந்து பத்து வருஷம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் என்ன நடந்தது? தலைவர் பதவி தலித்துக்கு என்று சட்டம் சொன்னது. நிற்க ஆள் இல்லாமல் செய்தார்கள். நின்று ஜெயித்தவர்களையும் ராஜினாமா செய்ய வைத்தார்கள். மேலவளவில் முருகேசன் கலைக்க மறுத்தார். 1997 ஜூன் 30இல் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். குடத்துக்குள் நம் பெயர் போய்விட்டது, வெளியே எடுத்தும் ஆயிற்று. எடுத்த சீட்டைக் கிழிக்கிற கை மட்டும் அதே கையாக இருந்தது.

வேஷம் யார் போடலாம் என்று இத்தனை நாள் சண்டை போட்டோம். கலைக்கிற அதிகாரம் யாரிடம் என்று கேட்டிருக்க வேண்டும். 2007இல் ஜூலியா பாண்ட் எலிங்போ என்ற கறுப்பினப் பெண் அமெரிக்க அடிமை வாழ்க்கையை வைத்து 'ஸ்டீல் அவே ஜோர்டன்' என்று ஓர் ஆட்டம் எழுதினார். அதில் உன் மதிப்பு என்ன என்பதை நீ முடிவு செய்ய முடியாது. ஆட்டம் நடத்துகிறவர் சொல்வதுதான் மதிப்பு. அந்த மதிப்புக்குத்தான் பகடை கையில் கிடைக்கும். ஆடுகிறவர் யாராக இருந்தாலும், தன் விலையை அடுத்தவன் வாயால் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உருகி அழுவதற்கு முன்னால் அது நடந்துவிடுகிறது. அடுத்தவன் வலியை ஆடுவதற்கு இதைவிட நேர்மையான வாசலை நான் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்டத்துக்கும் இப்போது மூன்று விதி எழுதியிருக்கிறோம். ஒருவர் வாழ்க்கையை ஆடும்போது அந்த வாழ்க்கைக்காரர் மேஜையில் இருக்க வேண்டும். அவர் கைதூக்கினால் ஆட்டம் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. நிறுத்தப்பட்டவர் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டமானது. தோழர் உட்கார்ந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லப் போவதில்லை, அடுத்த சனிக்கிழமைக்கும் கூப்பிட்டிருக்கிறேன்.

பாட்காஸ்ட்டுக்கு வருகிறேன். வெளியிடலாமா என்று தங்கச்சியைக் கேட்டேன். 'அண்ணா, அந்த அழுகைய வுட்டுட்டு நான் நிறுத்துனத வெட்டிடுவியா?' என்றது. வெட்ட மாட்டேன் என்றேன். 'என் கொரல ஊர்ல கண்டுபுடிச்சி, எங்கப்பாவ வேலைய வுட்டு நிறுத்துனா அப்ப கலைக்க முடியுமா?' என்றது. என்னிடம் பதில் இல்லை. தலைவர் பதவியைப் பற்றி நான் இத்தனை பேசுகிறேன், என் செல்போனிலேயே ஒரு பெண்ணின் வேஷம் என் விரல் நுனியில் கிடக்கிறது.

நாலாவது விதியை அங்கேயே எழுதினோம். பதிவில் யார் குரல் இருக்கிறதோ அவர் சரி என்றால்தான் அது வெளியே போகும், வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டாலும் கேட்டவன் காதிலிருந்து எடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், தங்கச்சிக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறது. அதுவரை அந்தப் பதிவு வெளியே போகாது. தோழர்கள் சிரிக்கட்டும். குடம் இரவுப் பாடசாலை அலமாரி மேல் இருக்கிறது. சீட்டு எழுத வருகிறவர்கள் வரலாம்.